2019 மேக் ப்ரோ (இன்டெல்) இப்போது வாங்கலாமா?

ஐமேக்கில் வீடியோ எடிட் செய்யும்போது கேமரா கோப்புகள் திக்குவதால், 16 கோர், 96 ஜிபி நினைவகம் கொண்ட 2019 மேக் ப்ரோவை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாங்க வேண்டாம். அது நல்ல இயந்திரம்தான். ஆனால் உங்கள் ஐமேக்கில் கேமரா கோப்புகள் திக்கித் திக்கி ஓடுவதை அது சரிசெய்யாது.

காரணம் பெரும்பாலும் கோர் எண்ணிக்கை அல்ல, கோடெக் (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறை). உங்கள் கேமரா தருவது 10-பிட் 4:2:2 ஹெச்இவிசி, அதாவது நிற விவரம் அதிகம் உள்ள, மிகவும் சுருக்கப்பட்ட வீடியோ வடிவம். அந்த மேக் ப்ரோவின் ஜியான் சிப்பிலும் (இன்டெல் சிபியு) ரேடியான் கிராஃபிக்ஸ் அட்டையிலும் இதை டீகோட் செய்ய (சுருக்கத்தை விரித்துக் காட்ட) தனி வன்பொருள் கிடையாது. முழுச் சுமையும் சிபியு மேல் விழும். ஆப்பிளின் எம்-வரிசை சிப்களில் வீடியோவுக்கென்றே உள்ள மீடியா எஞ்சின் பகுதியில் அது உண்டு.

பணம் கொடுக்குமுன் இதைச் செய்து பாருங்கள்: ஒரே ஒரு கிளிப்பை ப்ரோரெஸ் 422-ஆக (எடிட்டிங்குக்கு எளிதான ஆப்பிளின் கோடெக்) மாற்றி அதே ஐமேக்கில் ஓட்டுங்கள். தடங்கலின்றி ஓடினால் சிக்கல் டீகோடிங்கில்தான். கோப்பு பல மடங்கு பெருக்கும், வட்டில் இடம் இருக்கட்டும். அப்போதும் திக்கினால் வட்டின் வேகத்தையும் எஃபெக்ட்களையும் பாருங்கள்.

டஹோ 26தான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசி மேக்ஓஎஸ். இதையும் விலையில் கழித்துப் பாருங்கள்.

பூட் கேம்ப்பில் (இன்டெல் மேக்கில் விண்டோஸ் நிறுவும் வசதி) விண்டோஸ் வேண்டும், அல்லது ரேடியான் அட்டைகளைச் செருகியே ஆக வேண்டும் என்றால் மட்டும் கணக்கு மாறும். எம்-வரிசை சிப் கொண்ட எம்2 அல்ட்ரா மேக் ப்ரோவின் பிசிஐஇ ஸ்லாட்டுகள்கூட (கூடுதல் அட்டைகளைச் செருகும் இடங்கள்) கிராஃபிக்ஸ் அட்டையை ஏற்காது.