ரிமோட்டில் ஓடும் ஆர்சி காரின் வெள்ளைச் சக்கரங்களுக்குக் கருப்பு நிறம் ஏற்றுவது எப்படி? பெயின்ட் அடித்தால் உரிந்துவிடுகிறதே?

உரியத்தான் செய்யும். ஆர்சி கார்களின் சக்கரங்கள் பெரும்பாலும் நைலான். அதன் மேல் பெயின்ட் சரியாக ஒட்டாது. ஓடும்போது சக்கரம் லேசாக வளையும், கல்லில் உரசும். முதல் நாளே விளிம்பில் செதில் செதிலாகக் கிளம்பிவிடும்.

நைலானுக்குச் சரியான வழி சாயம் ஏற்றுவதுதான். துணிக்குப் போடும் அதே சாயம், ஆனால் நைலானில் பிடிக்கும் என்று பாக்கெட்டில் போட்டிருக்க வேண்டும். பருத்திக்கு மட்டுமான சாயம் இதில் ஏறாது.

டயரைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைப் பாத்திரம் கழுவும் சோப்பால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். விரல் ரேகை எண்ணெய் இருந்தால்கூட அந்த இடம் திட்டாக வெளுத்து நிற்கும். பழைய பாத்திரத்தில் (அதை மறுபடி சமையலுக்கு எடுக்கவே கூடாது) தண்ணீரைக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே சூடாக்கி, சாயத்தோடு கொஞ்சம் வினிகரும் ஊற்றுங்கள். நைலான் சாயத்தை இழுத்துக்கொள்ள அமிலம் உதவும். சக்கரத்தைக் கம்பியில் கோத்து முக்கி, அடிக்கடி திருப்புங்கள். கருப்பு முதலில் ஊதா மாதிரி தெரியும், பயந்து எடுத்துவிடாதீர்கள். இருபது, முப்பது நிமிடம் பொறுங்கள். அப்புறம் குளிர்ந்த நீரில், தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசினால் போதும்.

நிறம் உள்ளே இறங்கிவிடுவதால் கீறல் விழுந்தாலும் வெள்ளை சட்டென்று தெரியாது. ஆனால் கருப்புச் சக்கரத்தை வெள்ளையாக்க இதனால் முடியாது. குரோம் பூச்சு இருந்தாலும் சாயம் ஏறாது. ஏபிஎஸ் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக்கில் செய்த சக்கரம் என்றால் பெயின்ட்தான். தமியா என்ற ஜப்பானிய மாடல் நிறுவனத்தின் டிஎஸ் (TS) ஸ்ப்ரே பெயின்ட் அந்தப் பிளாஸ்டிக்குக்கு ஏற்றது.