கன்ட்ரோலரை மாற்றும் முன் மீட்டரை எடுங்கள்: எலெக்ட்ரிக் வண்டி கேள்வி பதில்

வேலூர் பக்கத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள். முதலில் ஒன்று: பேட்டரியைக் கழற்றிய உடனே கன்ட்ரோலருக்குள் (பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு அளந்து விடும் பெட்டி) கை வைக்காதீர்கள். பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். மல்டிமீட்டரில் வோல்ட் பூஜ்யத்துக்குப் பக்கம் வந்த பிறகு தொடுங்கள்.

குடியாத்தம்: அண்ணே, ஆக்சிலேட்டர் கொடுத்தால் வீல் உதறுகிறது. தள்ளிவிட்டால் ஓடுகிறது. கன்ட்ரோலர் போய்விட்டது என்கிறார்கள்.

தம்பி, பணத்தைக் கொடுத்துவிடாதே. இது பெரும்பாலும் ஹால் சென்சார் கோளாறு. மோட்டார் எந்த நிலையில் இருக்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்வது அதுதான். மோட்டாரிலிருந்து வரும் கப்ளரில் ஐந்து மெல்லிய வயர் இருக்கும். சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், மஞ்சள், பச்சை, நீலம் மூன்றும் சிக்னல். பேட்டரி இணைந்தே இருக்கட்டும், சாவி ஆன். கறுப்பு புரோபைக் கறுப்பு வயரில் வைத்து முதலில் சிவப்பைப் பார். 5 வோல்ட் பக்கம் இல்லையென்றால் த்ராட்டில் (ஆக்சிலேட்டர்) கப்ளரைக் கழற்றிப் பார். வோல்ட் திரும்பி வந்தால் ஷார்ட் த்ராட்டிலில்.

சிவப்பு சரி என்றால் மூன்று சிக்னலையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வீலைக் கையால் மெதுவாகச் சுற்று. 0, 5, 0, 5 என்று மாறி மாறி வர வேண்டும். எது மாறாமல் நிற்கிறதோ அந்தச் சென்சார் போயிருக்கும், அல்லது வயர் அறுந்திருக்கும். புரோப் முனை மட்டும் தெரியும்படி டேப் சுற்றிக்கொள். முனை நழுவிப் பக்கத்து வயரைத் தொட்டால் நல்ல கன்ட்ரோலரும் போய்விடும்.

சமீபத்தில் பஞ்சர் போட்டாயா? ஆக்சில் நட்டைக் கழற்றும்போது கேபிளை முறுக்கிவிடுவார்கள். ஆக்சிலுக்குள் நுழையும் இடத்தில், மேல் உறை நன்றாக இருக்கும், உள்ளே பச்சை மட்டும் அறுந்திருக்கும். நான் பிரித்த பல வண்டிகளில் இப்படித்தான்.

ஆற்காடு: வண்டியைத் தள்ளினால் பிரேக் பிடித்தது போல் விட்டுவிட்டு இழுக்கிறது சார்.

பேட்டரியைக் கழற்றுங்கள். கன்ட்ரோலரிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று தடித்த ஃபேஸ் வயர்களையும் பிரித்து, ஒன்றோடொன்று படாமல் வைத்து வீலைச் சுற்றுங்கள். லேசாகச் சுற்றினால் கன்ட்ரோலரில் மாஸ்பெட் (மோட்டாருக்குப் போகும் கரண்டை ஆன்-ஆஃப் செய்யும் சின்ன ஸ்விட்ச்) ஷார்ட். அப்போதும் இழுத்தால் கோளாறு மோட்டாரிலோ கேபிளிலோ இருக்கிறது.

ஆம்பூர்: வண்டி மீட்டரில் லைட் எரிகிறது, வண்டி நகரவில்லை.

பிரேக் லீவர் கட்-ஆஃப் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். அந்த ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டால் மோட்டாருக்கு மின்சாரமே போகாது. பார்த்ததும் திரும்ப மாட்டிவிடுங்கள்.

வாலாஜா: வண்டி ஓடவில்லை, புது கன்ட்ரோலர் என்ன விலை?

மேலே மூன்று பதில் இருக்கிறது. அளந்து பார்த்துவிட்டு விலையைக் கேளுங்கள்.

சத்துவாச்சாரி: கன்ட்ரோலருக்குள் இருக்கும் ஷண்ட் கம்பியில் ஈயம் ஏற்றினால் மேடு நன்றாக ஏறும் என்கிறார்கள். செய்யலாமா?

செய்யாதீர்கள். எவ்வளவு ஆம்பியர் போகிறது என்று கன்ட்ரோலர் அந்தச் சின்னக் கம்பியை வைத்துத்தான் கணக்கிடுகிறது. ஈயம் ஏற்றி ரெசிஸ்டன்ஸ் பாதியானால், 30 ஆம்பியர் போகும்போது 15 என்று நினைத்துக்கொள்ளும். அதனால் தடுக்காமல் இரண்டு மடங்கு கரண்டை விடும்.

கணியம்பாடி: அண்ணே, நான் ஏற்றி ஆறு மாசமாக ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லையே?

தம்பி, அந்த ஆறு மாசத்தில் எத்தனை நாள் சித்திரை வெயில்? கரண்ட் இரண்டு மடங்கானால் மாஸ்பெட்டில் சூடு நான்கு மடங்கு. வேலூரில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது, சீட்டுக்கு அடியில் காற்றே போகாத பெட்டி என்ன பாடுபடும்? போன வாரம் இப்படி ஒன்றைப் பிரித்தேன். மாஸ்பெட் நெற்றியில் கடுகு அளவு ஓட்டை, சுற்றிலும் கரி, மூடியைத் திறந்ததும் வாடை. பேட்டரியையும் அதே கரண்ட்தான் உறிஞ்சுகிறது, அதை மறந்துவிடாதே.

காட்பாடி: பக்கத்தில் எல்லாரும் செய்கிறார்கள் சார். கம்பெனிக்காரன் வேண்டுமென்றே குறைத்து வைத்திருக்கிறான்.

குறைத்து வைத்தது மாஸ்பெட்டும் வயரும் பேட்டரியும் தாங்கும் அளவுக்கு. மேடு ஏற வேண்டுமென்றால் அதற்கேற்ற மோட்டார், கன்ட்ரோலர், பேட்டரி மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள்.

அரக்கோணம்: பேட்டரி கொஞ்சம் உப்பியிருக்கிறது, சார்ஜ் போடலாமா?

போடவே கூடாது. வீட்டுக்குள் வைக்கவும் கூடாது. 2022 மார்ச்சில் நம் வேலூரிலேயே, சார்ஜில் இருந்த வண்டி தீப்பிடித்து ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள்.

திமிரி: வீல் உதறுகிறது...

குடியாத்தம் தம்பிக்குச் சொன்னதை வரி விடாமல் செய்யுங்கள்.

கணியம்பாடி: சரி அண்ணே, ஏற்றிய ஈயத்தை எடுத்துவிட்டால் பழைய நிலைக்கு வந்துவிடுமா?

முழுசாக உறிஞ்சி எடுத்தால் ஏறக்குறைய வரும். கெப்பாசிட்டரை மறந்துவிடாதே, பூஜ்யம் பார்த்துவிட்டுத் தொடு. எடுத்த பிறகு பேட்டரி வயரில் டிசி கிளாம்ப் மீட்டர் போட்டு, ஃபுல் த்ராட்டிலில் எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும். உன்னிடம் இல்லையென்றால் ஞாயிறு காலை வண்டியைக் கொண்டு வா, என்னிடம் இருக்கிறது.