வெப் ஃபார்ம்ஸ் கண்ட்ரோல்ல ப்ராப்பர்ட்டி வைக்கறது பத்தி கேளுங்க, சொல்றேன்

மைக்ரோசாஃப்ட்டோட ஏஎஸ்பி டாட் நெட் வெப் ஃபார்ம்ஸ் (வெப் பேஜ் செய்யற முறை), சி ஷார்ப் மொழி. இதுக்குள்ள எது வேணா கேளுங்க.

கேள்வி: அண்ணா, அட்ரஸ் வாங்கற யூசர் கண்ட்ரோல்ல 'நாடு'ன்னு ஒரு ப்ராப்பர்ட்டி வெச்சேன். முதல்ல சரியா வருது, பட்டன் அமுக்கினா காலியாயிடுது.

பதில்: சாதா வேரியபிள்ல வெச்சிருப்பீங்க தம்பி. ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் பேஜும் உள்ள இருக்கற கண்ட்ரோலும் புதுசா உருவாகுது, ஹெச்டிஎம்எல் போனதும் அந்த ஆப்ஜெக்ட் கதை முடிஞ்சுது. டேக்லயே மதிப்பை எழுதியிருந்தா ஒவ்வொரு தடவையும் திரும்ப செட் ஆயிடும், அதனால வெளிய தெரியாது, பேஜ் லோட்ல 'போஸ்ட்பேக் (பட்டன் அமுக்கி அதே பேஜ் சர்வருக்குத் திரும்ப வர்றது) இல்லைன்னா மட்டும்'னு செட் பண்றப்பதான் மாட்டுவோம். ப்ராப்பர்ட்டியோட கெட்ல வியூஸ்டேட்டைப் (மதிப்பை பேஜோடயே அனுப்பித் திரும்ப வாங்கற இடம்) பாருங்க, நல் (null, மதிப்பே இல்லை) வந்தா டீஃபால்ட்டைத் திருப்பிக் குடுங்க, செட்ல அதே கீல போடுங்க. எண்ணோ பூலியனோ ஆனா நல் செக் கட்டாயம், நேரா காஸ்ட் பண்ணா நல் ரெஃபரன்ஸ் எக்ஸெப்ஷன் வரும். உள்ள இருக்கற லேபிளோட டெக்ஸ்ட்டை மட்டும் வெளிய காட்டற ப்ராப்பர்ட்டின்னா இது எதுவும் வேணாம், லேபிளே பாத்துக்கும்.

ஒன்னு மட்டும்: வியூஸ்டேட்ல ரகசியம் எதுவும் போடாதீங்க. அது பேஸ்64ஆ மாத்தி ப்ரவுசருக்கே போற ஹிட்டன் ஃபீல்டு, டார்கெட் ஃப்ரேம்வொர்க் 4.5க்கு முந்தினதா இருந்து, நீங்களா என்க்ரிப்ட் பண்ணச் சொல்லலைன்னா யார் வேணா பிரிச்சுப் படிக்கலாம்.

கேள்வி: டீஃபால்ட் வேல்யூ ஆட்ரிப்யூட்ல 10 குடுத்தேன், 0 தான் வருது.

பதில்: அது டிசைனருக்குச் சொல்ற தகவல், மதிப்பை செட் பண்ணாது. 10ஐ கெட்ல திருப்பிக் குடுங்க.

கேள்வி: வியூஸ்டேட் எதுக்குங்க? செஷன்ல (சர்வர்ல ஒவ்வொரு ஆளுக்கும் தனியா வைக்கற இடம்) போட்டா பேஜ் கனமே ஆகாதே.

பதில்: பில்லிங்குக்கு ஒன்னு, டெலிவரிக்கு ஒன்னுன்னு அதே கண்ட்ரோலை ஒரே பேஜ்ல ரெண்டு தடவை போடுங்க. பில்லிங்குக்கு இந்தியா, டெலிவரிக்கு சிங்கப்பூர்னு செட் பண்ணா ரெண்டுலயும் சிங்கப்பூர் வந்து நிக்கும், ஏன்னா ரெண்டும் ஒரே செஷன் கீ. வியூஸ்டேட்ல ஒவ்வொரு கண்ட்ரோலுக்கும் தனிப் பை.

கேள்வி: கீயோட கண்ட்ரோலோட யுனீக் ஐடியை (பேஜ்ல அதுக்குன்னு இருக்கற தனிப் பேர்) சேத்துட்டா போச்சு!

பதில்: ஒரே பேஜுக்கு சரி. அதே ஆள் அதே பேஜை ரெண்டு டேப்ல தொறந்தா? செஷனும் ஒன்னு, யுனீக் ஐடியும் ஒன்னு, ஒரு டேப்ல மாத்தினது இன்னொரு ஆர்டர்ல போய் உக்காரும். செஷன் டீஃபால்ட்டா 20 நிமிஷம்தான், சாப்ட்டு வந்து பட்டனை அமுக்கறவருக்கு ப்ராப்பர்ட்டி காலி.

கேள்வி: அப்ப 5000 வரி டேட்டாடேபிளை வியூஸ்டேட்லயா போடச் சொல்றீங்க?

பதில்: ரெண்டுலயும் வேணாங்க. ப்ராப்பர்ட்டில வாடிக்கையாளர் ஐடி மட்டும் வைங்க, டேபிளை டேட்டாபேஸ்லேர்ந்து திரும்ப எடுங்க, அடிக்கடி தேவைன்னா கேஷ்ல (cache, சர்வரோட தற்காலிக நினைவகம்) வைங்க. ஒரு கண்ட்ரோல் எழுதினா அது யார் பேஜ்ல, எத்தனை தடவை உக்காரப் போகுதுன்னு நமக்குத் தெரியாது, அதனாலதான் இவ்ளோ மல்லுக்கட்டறேன்.

கேள்வி: போஸ்ட்பேக்ல மதிப்பு போயிடுது, ஹெல்ப்.

பதில்: முதல் பதில் படிங்க.

கேள்வி: ரியாக்ட்ல ப்ராப்ஸ்?

பதில்: அது வேற உலகம், அங்க வேலை செய்யறவங்களைக் கேளுங்க.

கேள்வி: என் பேஜிங் கண்ட்ரோலை எடுத்தவங்க வியூஸ்டேட்டை ஆஃப் பண்ணிட்டாங்க, பக்க எண் நிக்கல.

பதில்: நல்ல கேள்வி. 2.0ல, அதாவது 2005ல, வந்த கண்ட்ரோல் ஸ்டேட் இதுக்குத்தான், அதை பேஜ்காரர் ஆஃப் பண்ண முடியாது. ஆன்இனிட்ல பேஜ்கிட்ட ரெஜிஸ்டர் பண்ணுங்க, சேவ், லோட் ரெண்டு மெத்தடையும் ஓவர்ரைடு பண்ணுங்க. பக்க எண் மாதிரி சின்னது மட்டும், இதுவும் அதே ஹிட்டன் ஃபீல்டுலதான் போகுது, ரகசியம் இங்கயும் வேணாம்.

கேள்வி: காம்போசிட் கண்ட்ரோல்ல (பல கண்ட்ரோலை கோடுலயே சேத்து செஞ்சது) ப்ராப்பர்ட்டி செட் பண்ணா உள்ள இருக்கற டெக்ஸ்ட்பாக்ஸ் நல்னு எரர்.

பதில்: அது இன்னும் உருவாகல. கெட், செட் ரெண்டுலயும் முதல் வரியா என்ஷ்யூர் சைல்டு கண்ட்ரோல்ஸைக் கூப்பிடுங்க.