சாப்ளின் படத்துக்கு காப்பிரைட் க்ளெய்ம் வந்ததா? யாருக்கும் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: சாப்ளின் போர்முனைச் சிப்பாயாக வரும் ‘ஷோல்டர் ஆர்ம்ஸ்’ (1918) மௌனப் படத்துக்குத் தமிழில் எழுத்து அட்டைகள் (காட்சிகளுக்கு நடுவே வசனம் காட்டுபவை) செய்து யூடியூபில் ஏற்றினேன். மறுநாளே காப்பிரைட் க்ளெய்ம், அதாவது ‘இது எங்கள் உரிமை’ என்ற கோரிக்கை. நூறு வருஷத்துக்கு முந்தைய படத்துக்கு இன்னும் உரிமை இருக்கிறதா? சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒருவர் 12,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இந்தியச் சட்டப்படி, ஒரு திரைப்படம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுதான் உரிமை. இது 1918 அக்டோபரில், முதல் உலகப் போர் முடிய மூன்று வாரம் இருக்கையில் வந்த படம்; இந்தக் கணக்கில் பார்த்தாலும் 1978-ஓடு தீர்ந்தது. அமெரிக்காவிலும் முடிந்துவிட்டது. தீர்ந்துபோன உரிமையை உங்களுக்கு விற்க அவர் யார்?

சரி, அப்புறம் க்ளெய்ம் எப்படி வந்தது? பெரும்பாலும் இசையால்தான். மௌனப் படத்தில் ஏது இசை என்பீர்கள். 1959-ல் சாப்ளின் இதையும் வேறு இரண்டு பழைய படங்களையும் சேர்த்து, தானே இசையமைத்து, ‘தி சாப்ளின் ரெவ்யூ’ என்று மறுபடி வெளியிட்டார். இசைக்குச் சட்டம் வேறு. அதை அமைத்தவர் இறந்தபின் 60 ஆண்டு. சாப்ளின் இறந்தது 1977 டிசம்பர் 25, ஆக 2037 முடியும்வரை அந்த இசையைத் தொடக்கூடாது. வெள்ளம் புகுந்த பதுங்குகுழியில், தண்ணீருக்கடியில் படுத்துக்கொண்டு கிராமபோன் குழலை வாயில் வைத்து மூச்சுவிடுகிறாரே சார்லி, அந்தக் காட்சியை நீங்கள் தாராளமாகப் போடலாம், பின்னால் ஓடும் மெட்டைத்தான் போடக்கூடாது. உங்களிடம் இருப்பது எந்தப் பிரதி என்று தெரியவில்லையா? தொடக்கத்தில் சாப்ளினே பேசினால் அது 1959 பிரதி.

ஆகவே ஒலியை மொத்தமாக நீக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். இசை வேண்டுமா? இங்கேதான் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ‘சோபின் 1849-லேயே இறந்துவிட்டார், அவர் பியானோ இசை இலவசம்’ என்று யாராவது சொல்வார்கள். இசை இலவசம்தான், ஆனால் போன வருஷம் ஒருவர் அதை வாசித்துப் பதிவு செய்தால் அந்தப் பதிவுக்குத் தனியாக 60 ஆண்டு உரிமை உண்டு, இணையத்திலிருந்து நீங்கள் இறக்குவது சோபினை அல்ல, அந்தப் பதிவைத்தான், அதற்கும் க்ளெய்ம் வரும், வந்தபிறகு ‘செத்தவருக்கு எதற்குக் காசு’ என்று எனக்கே கடிதம் எழுதுவார்கள். கீபோர்டு வாசிக்கும் நண்பர் இருந்தால் படத்தைப் போட்டுக்காட்டி, புதிதாக எதையாவது வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அந்தக் காலத்துத் தியேட்டர்களில் பியானோக்காரர் செய்ததும் இதுதானே.

இன்னொன்று, க்ளெய்ம் வேறு, ஸ்ட்ரைக் (உரிமையாளர் முறைப்படி கேட்டு வீடியோவையே நீக்கவைத்தால் சேனலுக்கு விழும் எச்சரிக்கை) வேறு. க்ளெய்மால் சேனல் போகாது. மூன்று ஸ்ட்ரைக் வந்தால்தான் ஆபத்து. அந்த 1959 இசையை வைத்துக்கொண்டே க்ளெய்மை மறுக்கும் ‘டிஸ்பியூட்’ பட்டனை அழுத்தாதீர்கள், வீணாக ஸ்ட்ரைக்கை வரவழைத்துக்கொள்வீர்கள். ‘நோ காப்பிரைட் இன்டெண்டட்’ (உரிமையை மீறும் எண்ணமில்லை) என்று கீழே எழுதிவைப்பதால் ஒரு பயனும் கிடையாது, தயவுசெய்து அதை விடுங்கள்.

இசையை நீக்கியபிறகும் படத்துக்கே க்ளெய்ம் வந்தால், அப்போது மறுப்புத் தெரிவியுங்கள்: 1918 வெளியீடு, இந்தியாவில் உரிமை முடிந்தது, ஒலி என்னுடையது, அட்டைகள் என்னுடையவை. எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம். க்ளெய்ம் போட மெஷினுக்கு ஒரு நொடி, அது தப்பு என்று பார்க்க மனிதருக்கு ஒரு மாதம்! என்ன நியாயமோ. ஐரோப்பிய நாடுகளில் கணக்கு வேறு, இயக்குநர் முதலான முக்கியப் படைப்பாளிகளில் கடைசியாக இறந்தவருக்குப் பின் 70 ஆண்டு, அங்கே வீடியோ தெரியாமல் போகலாம், விட்டுவிடுங்கள்.

12,000 கேட்கும் அந்த இடைத்தரகர் ‘நெகட்டிவ் ரைட்ஸ்’ (படத்தின் மூலப் பிரதி மீதான உரிமை), ‘லேப் லெட்டர்’ (அந்தப் பிரதி இருக்கும் லேபுக்கான கடிதம்) என்றெல்லாம் நம்மூர் சினிமா வியாபாரப் பேச்சு பேசுவார். ஹாலிவுட் மௌனப் படத்துக்கு எந்த லேப், யார் லெட்டர் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், அப்புறம் போனை எடுக்கமாட்டார்.