சட்டெனப் பற்றிக்கொள்ளும் வயது

கேள்வி: ஓரினச்சேர்க்கையைப் பற்றிப் பெரியவர்கள் ஆதரவாகப் பேசினால், எதையும் சட்டெனப் பற்றிக்கொள்ளும் பதின்வயதுப் பிள்ளைகளும் அப்படி மாறிவிட மாட்டார்களா? அவர்கள் காதில் அந்தப் பேச்சே விழக் கூடாது என்கிறேன். சரிதானே?
- ஒரு தகப்பன்

பதில்: சட்டெனப் பற்றிக்கொள்வார்களா? யார், பதினைந்து வயதுப் பிள்ளைகளா? ஐயா, உங்கள் வீட்டில் வளர்வது வேறு ரகம் போலிருக்கிறது. ஈரத் துண்டைக் கட்டிலில் போடாதே என்பதை எந்தப் பதினைந்து வயது பற்றிக்கொண்டது? விளக்கை அணை, ஃபோனைக் கீழே வை, கூப்பிட்டால் முதல் தடவையே பதில் சொல் என்று பெற்றோர் நாள் தவறாமல் உரத்த குரலில் பிரசாரம் செய்கிறார்கள். பலன் என்ன? நானும் இந்தப் பக்கத்தில் வல்லினம் மிகும் இடங்களைப் பற்றிக் கத்திக்கொண்டே இருக்கிறேன். பிள்ளைகளை விடுங்கள், தமிழில் பட்டம் வாங்கியவர்கள் அனுப்பும் கட்டுரைகளே ஒற்றைத் தொலைத்துவிட்டுத்தான் வருகின்றன. 'வாழ்த்துகளா, வாழ்த்துக்களா' சண்டையில் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்ட புலவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் என் வாழ்த்துகள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். யார்மேல் ஈர்ப்பு வரும் என்பது கேட்டுக் கற்கிற பாடம் அல்ல. பிறந்ததிலிருந்து நம் காதில் விழும் காதல் பாட்டு, ராஜா-ராணி கதை, கல்யாணப் பேச்சு எல்லாமே ஆண்-பெண் ஜோடிக்கான விளம்பரம்தான். அத்தனையையும் கேட்டு வளர்ந்தும் சிலருக்குத் தன்பாலீர்ப்பு இருக்கிறது. இவ்வளவு பெரிய பிரசாரத்துக்கே அசையாததை, டிவி பார்த்தபடி நீங்கள் உதிர்க்கும் ஒரு வாக்கியமா மாற்றிவிடும்?

ஆனால் பிள்ளைகள் ஒன்றைப் பற்றிக்கொள்கிறார்கள். திரையில் நளினமாக நடந்து வரும் ஆணைப் பார்த்து மாமா அடிக்கும் கிண்டல், அம்மா சேனலை மாற்றும் வேகம், 'அந்த மாதிரி ஆள்' என்னும்போது அப்பாவின் குரல் தாழ்வது. அறிவுரையை எல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் அட்சரம் பிசகாமல் எடுத்துக்கொள்வார்கள். தன்பாலீர்ப்பு உள்ள பிள்ளைக்கு இந்த வீட்டில் வாயைத் திறக்கக் கூடாது என்று புரிந்துவிடும். இல்லாத பிள்ளைக்கு, வகுப்பில் யாரை அழவைத்தால் யாரும் தட்டிக் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்துவிடும். இந்த இரண்டாவது பிள்ளையைப் பற்றிக் கவலைப்பட்டு எனக்கு ஒரு கடிதமும் வருவதில்லை.

வாயை மூடிக்கொண்ட பிள்ளைக்கு என்ன ஆகிறது? கெய்ட்லின் ரயன் குழுவினர் அமெரிக்காவில் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்கிறேன். பதின்வயதில் குடும்பத்தாரால் கடுமையாக ஒதுக்கப்பட்ட தன்பாலீர்ப்பு இளைஞர்கள், அப்படி ஒதுக்காத குடும்பங்களில் வளர்ந்தவர்களைவிட 8.4 மடங்கு அதிகமாகத் தற்கொலைக்கு முயன்றதாகச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே எனக்கு வேடிக்கை எதுவும் வரவில்லை.

'பேச்சே கூடாது' என்பதையும் ஒரு நாடு சட்டமாகவே போட்டுப் பார்த்தது. பிரிட்டனில் 1988இல், பிரதமர் தாட்சர் ஆட்சியில் வந்த 28ஆம் பிரிவு என்னும் சட்டப் பிரிவு, பள்ளிகளையும் நடத்திவந்த உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிக்க'க் கூடாது என்றது. ஊக்குவிப்பது எது, பேசுவது எது என்று புரியாத ஆசிரியர்கள், எதற்கு வம்பு என்று வாயே திறக்கவில்லை. அடிபட்டு வந்த மாணவனுக்கு ஆறுதல் சொல்லக்கூடத் தயங்கினார்கள். ஸ்காட்லாந்தில் 2000இலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003இலும் அதை நீக்கினார்கள். நடுவில் 1990இலேயே உலகச் சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தாயிற்று. செய்தி சிலருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. 'குணப்படுத்துகிறேன்' என்று விளம்பரம் போடக் கேட்டு இன்னமும் ஆள் வருகிறார்கள். நான் போடுவதில்லை, பக்கம் காலியாகப் போனாலும் சரி.

உங்களைப் போலவே பிள்ளையை நினைத்துக் கவலைப்பட்ட ஓர் அமெரிக்கத் தாய், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்டுக்கு எழுதினார். 1935இல் அவர் போட்ட பதில் பிரசித்தம். மகனைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள் தன்பாலீர்ப்பு என்ற சொல்லை மட்டும் ஏன் தவிர்த்தீர்கள் என்று முதலில் கேட்டார். அப்புறம், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இது நோயும் அல்ல என்றார். வளர்ச்சி தடைப்பட்டதால் வருவது என்றும் அதே கடிதத்தில் ஒரு போடு போட்டார், அது இன்று செல்லாது. ஆனாலும் 1935இல் அந்தத் தாய்க்குக் கிடைத்த மரியாதை, இன்று பல வீடுகளில் சொந்தப் பிள்ளைக்கே கிடைப்பதில்லை.

இந்தச் சாக்கில் நம் பழைய துணுக்கு எழுத்தாளருக்கும் ஒரு வார்த்தை. பெண்போல நடக்கும் ஆண் வந்தாலே சிரிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அந்த ரகத் துணுக்குகளைத் திருப்பி அனுப்பியதிலிருந்து, எனக்கு நகைச்சுவை உணர்வு செத்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். போன வாரம் புதிதாக ஒன்று அனுப்பியிருக்கிறார். அதில் நளினமான ஆண் இல்லை, மாமியார்கூட இல்லை. ஒரு மக்குப் பத்திரிகை ஆசிரியர் வருகிறார். வாய்விட்டுச் சிரித்தேன், அடுத்த இதழில் வருகிறது.