பன்னீர் திராட்சையில் பாதி கருப்பு, பாதி சிவப்பு (தொண்டாமுத்தூர் கேள்விக்கு)

ஒரே கொத்துல பாதி கருத்துட்டு, பாதி செங்காயாவே நிக்குது, ஒயினுக்கு எடுக்க வந்தவர் கழிச்சுட்டாருன்னு கேட்டிருக்கீங்க. நோய் இல்லைங்க. பன்னீர் ரகத்தோட குணமே அது. கொடி தாங்குறதுக்கு மேல காய் விட்டா இன்னும் மோசமாகும்.

கருக்க ஆரம்பிச்ச கொத்துக்கு இனி பெருசா வழியில்லை. மூடியிருக்கிற இலையைக் கொஞ்சம் விலக்குங்க. மொத்தமா உருவிடாதீங்க, வெயில்ல காய் வெம்பிடும், இனிப்பும் ஏறாது. யூரியாவை நிறுத்துங்க. காயவிட்டுத் திடீர்னு தண்ணி பாய்ச்சினா பழம் வெடிக்கும்.

அடுத்த கவாத்துல நாலஞ்சு மொட்டு விட்டு வெட்டுங்க. காய் பிடிச்ச 20ஆம் நாளும் 40ஆம் நாளும் பொட்டாசியம் குளோரைடு 0.2 சதம், அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 20 கிராம், கொத்து நனைய அடிங்க. கையளவுல அள்ளிப் போட்டா இலை ஓரம் கருகும்.

ஒயின்காரர் கழிச்சதுல தப்பில்லைங்க. மஸ்கட் ஹாம்பர்க்ங்கிறது இந்தப் பன்னீர் ரகம்தான். வாசம் தூக்கும், நிறம் மெல்லிசு. செங்காயும் கலந்தா புளிப்புதான் நிக்கும். பிரிக்ஸ் (சாறுல இருக்கிற சர்க்கரை அளவு) பார்க்கறப்போ கருத்த பழத்தை மட்டும் பொறுக்காம, கொத்தோட தோள், நடு, நுனி மூணு இடத்துலயும் பறிச்சுச் சேர்த்துப் பிழிஞ்சு பாருங்க.