நுவாங் மலைக்கு 400 கிராம் பை போதுமா?

கேள்வி: மலேசியாவில் காஜாங்கில் இருக்கிறேன். வார இறுதிகளில் புரோகா, புக்கிட் காசிங் குன்றுகளில் ஏறிப் பழகிவிட்டேன். அடுத்து ஒரே நாளில் குனோங் நுவாங் மலை, ஆண்டுக் கடைசியில் சபாவின் கினபாலு மலை. மடித்தால் கைக்குள் அடங்கும் 400 கிராம் பை ஒன்றும், முதுகுப் பக்கம் விறைப்பான சட்டமும் இடுப்புப் பட்டையும் உள்ள ஒரு கிலோ பை ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். நண்பர்கள் லேசான பையைத்தான் வாங்கச் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: ஒரு கிலோ பையை வாங்குங்கள்.

நண்பர்கள் சொல்வது தப்பில்லை, ஆனால் அது பல நாள் நடப்பவர்களின் கணக்கு. அவர்கள் கூடாரம், படுக்கை, அடுப்பு எல்லாவற்றின் எடையையும் குறைத்த பிறகுதான் பையில் கை வைப்பார்கள். நம் ஊர் ஒரு நாள் நடையில் பெரிய பாரம் தண்ணீர். நுவாங் 1,493 மீட்டர் உயரம். அடிவாரத்துப் பங்சூனிலிருந்து போய்த் திரும்ப முழுப் பகல் ஓடிவிடும். 3 லிட்டர் தண்ணீர் என்றாலே 3 கிலோ. மழைச்சட்டை, மாற்றுத்துணி, தலைவிளக்கு, நாசி லெமாக் பொட்டலம் எல்லாம் சேர்ந்தால் 5, 6 கிலோ வந்துவிடும். சட்டமில்லாத மெல்லிய பையில் இவ்வளவையும் போட்டால் அது பலாப்பழம் மாதிரி உருண்டு, மொத்தப் பாரமும் தோளில் தொங்கும். நீங்கள் மிச்சம் பிடிக்கிற 600 கிராம், வழியில் உள்ள லோலோ முகாம் போய்ச் சேருவதற்குள் குடித்துத் தீர்க்கிற தண்ணீர்தான். எடை குறைக்கத்தான் வேண்டும் என்றால் எஃகு போத்தலை வீட்டில் வைத்துவிட்டு, கடையில் விற்கும் 1.5 லிட்டர் மினரல் வாட்டர் போத்தல் இரண்டை எடுத்துப் போங்கள். காசும் மிச்சம்.

கொள்ளளவு 25 முதல் 30 லிட்டர் போதும். கினபாலுவுக்கும் அதுவே சரி. உச்சிக்குப் போகும் வழியில் இரவு தங்கும் பானலாபான் விடுதியில் படுக்கையும் சாப்பாடும் கிடைப்பதால், விடியலுக்கு முன் உச்சி ஏறும்போது போட வேண்டிய குளிராடைக்குத்தான் கூடுதல் இடம் வேண்டும்.

லிட்டரைவிட முக்கியம் முதுகு நீளம். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஓர் எலும்பு புடைக்கும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை தையல் டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். ஆள் உயரமாக இருந்தாலும் முதுகு குட்டையாக இருக்கலாம், அதனால் உயரத்தை வைத்து அளவைத் தீர்மானிக்காதீர்கள். கடைக்குப் போகும்போது இரண்டு மூன்று போத்தல் தண்ணீர் கொண்டுபோய் பைக்குள் வைத்து மாட்டிப் பாருங்கள். காலிப் பை எல்லாமே சுகமாகத்தான் இருக்கும்! எல்லாப் பட்டைகளையும் தளர்த்தி, முதலில் இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் உட்காரும்படி பூட்டுங்கள். அப்புறம்தான் தோள்பட்டை. நெஞ்சுப் பட்டை கடைசியில், மூச்சு முட்டாத அளவுக்கு. வயிற்றில் பட்டை அழுத்தினாலோ, தோளுக்கும் பட்டைக்கும் நடுவே இடைவெளி தெரிந்தாலோ அந்தப் பை உங்களுக்கு இல்லை.

முதுகுப் பக்கம் வலை இழுத்துக் கட்டிய பை கொஞ்சம் கனம் கூடும், ஆனால் நம் வெக்கைக்கு அதுதான் என் சிபாரிசு. ஒரு குறை: பாரம் முதுகிலிருந்து சற்றுத் தள்ளி நிற்கும். அதனால் கனமானதை முதுகை ஒட்டி, நடு உயரத்தில் வையுங்கள்.

மழை உறையை மட்டும் நம்ப வேண்டாம். அது வெளிப்பக்கத்தைத்தான் மூடும். சாயங்கால மழை முதுகு வழியாக ஒழுகி உள்ளே இறங்கும், வியர்வையும் கூடவே ஊறும். தடித்த குப்பைப் பை ஒன்றைப் பைக்குள் விரித்து, துணிமணியை அதில் போட்டு வாயை முறுக்கி மடித்துவிடுங்கள்.

வாங்கிய பிறகு பலரும் கோட்டை விடுவது பராமரிப்பில். நைலான் துணியின் உட்புறம் பூசுகிற பாலியூரிதேன் பூச்சு, ஈரப்பதமும் சூடும் சேர்ந்தால் சிதைந்து பிசுபிசுக்கும், செதில் செதிலாக உரியும். அதனால் ஈரப் பையைக் காரின் பின்பெட்டியில் போட்டு மறந்துவிடாதீர்கள். வீடு வந்ததும் சேற்றைக் குளிர்ந்த நீரில் கழுவி, வாயைத் திறந்து தலைகீழாக நிழலில் தொங்கவிடுங்கள். துணி துவைக்கும் இயந்திரம் வேண்டவே வேண்டாம். டீட் கலந்த கொசு மருந்து தடவிய கையோடு பட்டைகளின் பிளாஸ்டிக் பூட்டுகளைத் தொடவும் வேண்டாம். அது சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.